கற்குவைகளைத் தேடிச் செல்வோர் கவனத்திற்கு

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த இளம் தோழர்களுக்காகப் போனக்காட்டில் நடைபெற்ற வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறி வந்தால் போனக்காடு. பாதை இங்கே முடிகிறது. இதற்கு மேல் காடும், காட்டுக்கு மேல் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடமும் உள்ளன. தமிழர் பொதிகை என்று போற்றும் மலை இதுவே. இங்கு வந்து போகும் வெளியூரார் பெரும்பாலும் இரு வகையினர். ஆண்டுத் தொடக்கத்தில் வனத்துறையின் அனுமதிச் சீட்டுடன் அகத்தியர்கூடம் ஏற வருவோர் ஒரு வகை. மற்றொரு வகையினர், வெள்ளைத் துரை கட்டிய பழைய பங்களாவில் பேய் உலவுகிறது என்று கேள்விப்பட்டு, கைப்பேசியில் படம் பிடிக்க வருவோர். துரையின் சிறுமி அந்த வீட்டில் இறந்தாள், அவளே இன்றும் உலவுகிறாள் என்பது கதை.

பங்களாவின் உடைந்த சன்னல்களைப் படம்பிடிக்கும் இளைஞர்கள், அங்கு வரும் வழியில் லயங்களைக் கடந்துதான் வந்திருக்கிறார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டம் கைவிடப்பட்டபோது ஊதிய நிலுவையும் பணிக்கொடையும் கிடைக்காமல் நின்ற குடும்பங்கள் அந்த லயங்களில் வாழ்ந்தன. இன்னும் சில வாழ்கின்றன. ஆலையில் இயந்திரங்கள் துருவேறிக் கிடக்கின்றன. தேயிலைச் செடிகள் கவாத்து இல்லாமல் மரங்களாக வளர்ந்து நிற்கின்றன. இத்தனை பெரிய துயரம் கண்ணெதிரே நிற்கையில், ஒரு பேயின் கதைதான் ஊரின் அடையாளமாக வெளியுலகுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இது தற்செயல் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கட்டிடத்தைக் கண்டு வியக்கும் கண்ணிலிருந்து கட்டியவரையும், அதற்குச் சோறு போட்ட உழைப்பையும் மறைப்பதற்குக் கதை மிகச் சிறந்த கருவி. இந்தக் கருவி மிகப் பழையது. நாம் காணவிருக்கும் தொல்லியல் இடங்கள் எல்லாவற்றிலும் இது வேலை செய்திருக்கிறது.

முதலில் புவியியலைப் பார்ப்போம். இந்த மலையின் மேற்குச் சரிவில் கரமனை ஆறு பிறந்து திருவனந்தபுரத்துக்குக் குடிநீர் தருகிறது. கிழக்குச் சரிவில் பிறப்பது தாமிரபரணி. அந்த ஆறு பாபநாசத்தில் இறங்கி, அம்பாசமுத்திரம், திருநெல்வேலி கடந்து கடலை நோக்கிச் செல்லும் வழியில், அதன் தென்கரையில் ஆதிச்சநல்லூர் என்னும் பறம்பு உள்ளது. 114 ஏக்கர் பரப்பு, முழுவதும் தாழிகள். மலையின் இந்தப் பக்கம், கொல்லத்தை அடுத்த மங்காட்டில் 1990-91இல் அகழாய்வு நடத்திப் பெருங்கற்கால ஈமச்சின்னங்களை வெளிக்கொணர்ந்தவர் தி. சத்தியமூர்த்தி. அதே சத்தியமூர்த்திதான் 2004-05இல் ஆதிச்சநல்லூரில் இந்தியத் தொல்லியல் துறையின் சார்பில் அகழ்ந்து, சிறிய ஒரு பரப்புக்குள்ளேயே 160க்கும் மேற்பட்ட தாழிகளைக் கண்டார். மலைக்கு இருபுறமும் ஒரே மனிதர் அகழ்ந்தார் என்பது ஒரு சுவையான செய்தி மட்டுமே. மலையை எல்லையாக்கி இருபுறமும் தனித்தனி வரலாறு எழுதுவது பிற்காலத்து அரசுகளின் வேலை என்பதையே நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஈமத்தாழிக்குத் தமிழில் முதுமக்கள் தாழி என்று பெயர்; மலையாளத்தில் நன்னங்காடி. பொருள் ஒன்றே.

இனி, கற்குவை என்பது என்ன? நிலத்தில் குழி தோண்டி, அதில் தாழியையோ கற்பலகைகளால் ஆன அறையையோ வைத்து, மண்ணிட்டு மூடி, அதன்மேல் சிறு கற்களைக் குவித்தால் அது கற்குவை. குவியலைச் சுற்றிப் பெரிய உருண்டைக் கற்களை வட்டமாக நட்டால் கல்வட்டம். நிலத்துக்கு மேலே நான்கு பலகைக் கற்களைச் சுவராக நிறுத்தி, ஐந்தாவதை மூடியாகப் போட்டால் கல்திட்டை. அதே அறை நிலத்துக்குள் புதைந்திருந்தால் கற்பதுக்கை. ஆளுயரத்துக்கும் மேலாகத் தனியே நிற்கும் கல் நெடுங்கல் அல்லது குத்துக்கல். கேரளத்தின் செம்புரைக்கல் நிலத்தில் மட்டும் வேறொரு வகை உண்டு: குடைக்கல்லும் தொப்பிக்கல்லும். திருச்சூர் மாவட்டத்தில் சேரமங்காட்டிலும் அரியன்னூரிலும் அவற்றைக் காணலாம். கல் எதுவோ அதற்கேற்ற வடிவம். செம்புரைக்கல்லை வெட்டிச் செதுக்கலாம், ஆகவே குடை. கருங்கல் பலகையாகப் பிளக்கும், ஆகவே திட்டை. பண்பாட்டின் வடிவத்தை நிலத்தின் பொருள் எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட எளிய பாடம் கிடைப்பது அரிது.

இவற்றுக்கு மக்கள் வழங்கும் பெயர்களைக் கவனியுங்கள். பாண்டவர் குழி, பாண்டவர் வீடு, வாலியர் வீடு, குள்ளர் வீடு, குரங்குப் பட்டடை. இடுக்கி மாவட்டம் மறையூரில் முனியறை; அதாவது முனிவர் தவம் செய்த அறை. வனவாசம் வந்த பாண்டவர் தங்கினர், வாலியின் கூட்டத்தார் வாழ்ந்தனர், முனிவர் தவமிருந்தனர், குள்ளர் குடியிருந்தனர். யார் வேண்டுமானாலும் கட்டியிருக்கலாம், இந்த மண்ணில் உழைத்து வாழ்ந்த முன்னோரைத் தவிர! மலபாரில் இத்தகைய குழிகளை 1819இல் தோண்டிப் பார்த்த பாபிங்டன் என்னும் ஆங்கிலேய அலுவலர், 1823இல் அச்சான தம் கட்டுரையில் ‘பாண்டு குழி’ என்பதை ஆங்கில எழுத்தில் எழுதியபோது, அது ‘கூலி’ என்று படிக்கும்படியே அமைந்துவிட்டது. பிழைதான். ஆனால் பாண்டவரை நீக்கிவிட்டுப் படித்தால், அந்தப் பிழை உண்மைக்கு மிக அருகில் நிற்கிறது.

ஏனெனில் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், கால் மீட்டர் கனம் உள்ள ஒரு மூடுகல்லை எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவு ஒன்றரைக் கனமீட்டர். கருங்கல் கனமீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன் எடை. ஆக நான்கு டன். இதனைப் பாறையிலிருந்து பெயர்க்க வேண்டும். தீ மூட்டிச் சூடேற்றி, நீர் ஊற்றி, விரிசலில் ஆப்பு அடித்துப் பலகையாகப் பெயர்த்திருக்க வேண்டும் என்று தொல்லியலாளர் கருதுகின்றனர். பிறகு இழுத்து வர வேண்டும். நிறுத்திய சுவர்க் கற்களின் மேல் ஏற்ற வேண்டும். இது ஒரு குடும்பத்தின் வேலையாக இருக்க முடியாது. கயிறு திரித்தவர், மரம் வெட்டியவர், இழுத்தவர், அத்தனை நாட்களும் அவர்களுக்குச் சோறு ஆக்கியவர் எனப் பலர் சேர வேண்டும். அந்தச் சோறு வயலிலிருந்து அல்லது மந்தையிலிருந்து வந்திருக்க வேண்டும். அதாவது, அன்றாடத் தேவை போக மிஞ்சிய உணவு அந்தச் சமூகத்தில் இருந்திருக்க வேண்டும். மறையூரின் மொட்டைப் பாறையில் வரிசையாக நிற்கும் முனியறைகளைப் பார்க்கும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இங்கே யார் புதைக்கப்பட்டார் என்பதாக இருக்க வேண்டாம். இந்தக் கல்லை இழுத்த நாட்களில் யார் யாருக்குச் சோறு போட்டார்கள் என்பதாக இருக்கட்டும்.

புறநானூற்றில் இரண்டு பாடல்கள் தாழி செய்யும் குயவரை நோக்கிப் பேசுகின்றன. ஒன்றை ஐயூர் முடவனார் பாடினார். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் இறந்தபோது, இத்தனை பெரிய புகழுடையவனை அடக்கும் தாழியை எப்படி வனையப் போகிறாய் என்று குயவரைக் கேட்கிறார். மற்றொன்றில், கணவனை இழந்த பெண் ஒருத்தி, தன்னையும் சேர்த்து வைக்கும் அளவுக்குத் தாழியை அகலமாகச் செய் என்று வேண்டுகிறாள். அரசன் பெயர் தெரிகிறது, ஒரு பாடலின் புலவர் பெயரும் தெரிகிறது. குயவரின் பெயர் இரண்டிலும் இல்லை. ஆனால் புலவர் பேச வேண்டிய ஆளாக அவர் அங்கே நிற்கிறார். அவருடைய சக்கரம் சுழலாமல் அரசனுக்கும் அடக்கம் இல்லை. ஆதிச்சநல்லூரின் கண்காட்சிக் கூடத்தில் கண்ணாடித் தளத்தின் கீழே தாழிகளைக் காணும்போது இந்த ஆளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டக் காதை அடக்கமுறைகளை ஐந்தாக வகுக்கிறது: சுடுதல், வெளியே இடுதல், குழியில் புதைத்தல், தாழ்ந்த அறையில் அடைத்தல், தாழியால் கவித்தல். ஐந்தும் ஒரே காலத்தில் அருகருகே வழங்கின என்றால், ‘தூய’ வழக்கம் ஒன்றே ஆதியில் இருந்தது என்று இன்று மேடைதோறும் முழங்குவோருக்கு அந்தக் காப்பியத்தையே விடையாகத் தரலாம்.

அகழ்ந்தவர்களின் கதையும் சொல்லப்பட வேண்டும். ஆதிச்சநல்லூரில் முதலில் தோண்டியவர் ஜெர்மானியரான யாகோர், 1876இல். கிடைத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தார். இரும்பு ஆயுதங்கள், வெண்கலப் பாத்திரங்கள், பொன்னால் ஆன நெற்றிப் பட்டங்கள் கிடைத்தன. அவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. லாப்பிக் என்னும் பிரெஞ்சுக்காரர் தம் பங்கைப் பாரிசுக்குக் கொண்டு சென்றார். 2004-05 அகழாய்வின் முழு அறிக்கைக்காக மக்கள் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாட வேண்டியிருந்தது. 2020 ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தில் ஐந்து சிறப்புத் தொல்லியல் இடங்களில் ஒன்றாக ஆதிச்சநல்லூர் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின்னர்தான், அகழ்ந்த குழியிலேயே தாழிகளை வைத்துக் காட்டும் கூடம் 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆற்றங்கரைச் சிற்றூர்களின் மக்கள் தங்கள் முன்னோர் செய்த பொருளைத் தங்கள் ஊரிலேயே பார்ப்பதற்கு, யாகோர் வந்து போன நாள் முதல் ஏறத்தாழ 147 ஆண்டுகள் ஆயின.

பொற்பட்டம் என்றதும் நின்று யோசிக்க வேண்டும். பல தாழிகளில் மண்கலமும் எலும்பும் மட்டுமே, சிலவற்றில் பொன். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் ஒரே ஈமச்சின்னத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. அந்தக் கல் குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. ஆக இது எல்லோரும் எல்லாவற்றையும் பங்கிட்டு உண்ட ஆதிப் பொதுவுடைமைச் சமூகம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. நம் வகுப்புகளில் சில வேளை அப்படிச் சொல்லப்படுகிறது, அது தவறு. கூட்டு உழைப்பு இருந்தது, அதே உழைப்பின் பயன் சிலரது கல்லறையில் கூடுதலாகக் குவியத் தொடங்கியும் இருந்தது. ஏங்கெல்ஸ் 1884இல் குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றத்தை எழுதியபோது மார்கனின் 1877ஆம் ஆண்டு நூலை ஆதாரமாகக் கொண்டார். ஆதிச்சநல்லூரைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அவருடைய கேள்வியை எடுத்துக்கொண்டு இங்குள்ள சான்றுகளைப் பார்ப்பதே நமது வேலை. விடையையும் அங்கிருந்தே எடுத்து வந்து இங்கே ஒட்டுவது சோம்பலாகும்.

இந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு முன்மாதிரி தாமோதர் தர்மானந்த் கோசாம்பி. தொழிலால் கணித அறிஞர். 1956இல் அவர் வெளியிட்ட இந்திய வரலாற்று ஆய்வுக்கான முன்னுரை, இந்நாட்டில் மார்க்சிய வரலாற்றெழுத்தின் தொடக்கம் என்று கருதத்தக்கது. அவர் புனேயைச் சுற்றிய மேடுகளில் கைத்தடியுடன் பல ஆண்டுகள் நடந்தார். சிறு கல்லாயுதங்களைப் பொறுக்கினார், பெருங்கற்களைக் குறித்தார். இடையர் மந்தைகளோடு நகரும் தடங்களும் பழைய தாய்த்தெய்வக் கோயில்களும் ஒன்றோடொன்று பொருந்துவதைக் கண்டார். ஒரு கல்லுக்கு ஏன் செந்தூரம் பூசுகிறீர்கள் என்று ஊராரையே கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை; நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை முறையின் எச்சம் இருக்கும் என்று கருதிக் கேட்டார். தமிழில் இதே பணியை நா. வானமாமலை செய்தார், பாளையங்கோட்டையிலிருந்து 1969இல் தொடங்கிய அவருடைய ‘ஆராய்ச்சி’ இதழ் நாட்டுப்புற வழக்காற்றையும் தொல்பொருளையும் ஒருங்கே பார்க்கக் கற்றுத் தந்தது. முனியறை என்பது தவறான பெயர் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டால் நாம் பாதி வேலைதான் செய்தவராவோம். அந்தப் பெயர் எப்போது, யாரால், எந்த நிலவுடைமையோடு சேர்ந்து வந்தது என்று கேட்பது மீதிப் பாதி.

அகத்தியரைப் பற்றியும் இவ்வாறே கேட்கலாம். வடக்கிலிருந்து வந்து தமிழ் தந்த முனிவர் என்று ஒரு கதை. இதே மலைத்தொடரைப் போதலக மலையோடு இணைத்து அவலோகிதேசுவரர் உறைவிடமாகக் காணும் பௌத்தக் கருத்தும் ஆய்வுலகில் உண்டு. இந்தச் சரிவுகளில் வழிவழியாக வாழ்ந்து, இம்மலையைப் புனிதமாகப் போற்றிவரும் காணிக்காரருக்குத் தம் வழக்கு உண்டு. 2018 இறுதியில் கேரள உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்து, 2019 ஜனவரியில் பெண்களுக்கும் அகத்தியர்கூடம் ஏறும் வழி திறந்தபோது எழுந்த விவாதத்தில் காணிக்காரரின் குரலையும் உயர்சாதி மரபின் குரலையும் ஒன்றாகக் கலந்து பேசியவர்கள் இருந்தார்கள். இரண்டும் ஒன்றல்ல. முதலாவதோடு நாம் பொறுமையாக உரையாட வேண்டும். பெண்ணுரிமையில் நமது நிலை அதனால் மாறாது.

தொன்மை இன்று அரசியல் களம். கீழடியில் 2014 முதல் அகழ்ந்த அமர்நாத் ராமகிருஷ்ணன் 2017இல் அசாமுக்கு மாற்றப்பட்டார். அவர் 2023 ஜனவரியில் அளித்த 982 பக்க அறிக்கையைத் திருத்தி எழுதுமாறு இந்தியத் தொல்லியல் துறை 2025 மே மாதத்தில் திருப்பி அனுப்பியது, அவர் மறுத்தார், மறுபடியும் இடமாற்றம். கங்கைக் கரைக்கு முந்தைய நாகரிகம் எதுவும் தெற்கே இருந்துவிடக் கூடாது என்ற அச்சமே இதன் பின்னணி. இதனை எதிர்ப்பது ஜனநாயகக் கடமை. அதே வேளையில், 2025 ஜனவரி 23 அன்று தமிழ்நாடு அரசு இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையை வெளியிட்டு, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் சான்றுகள் பொ.ஆ.மு. 3345 வரை செல்கின்றன என்று அறிவித்தபோது, நம்மில் சிலரும் உலகிலேயே நாமே முதல் என்று மார்தட்டத் தொடங்கினார்கள். கண்டுபிடிப்பு மிக முக்கியமானது. மேலும் பல இடங்களில் சோதிக்கப்பட வேண்டியதும்கூட. அறிவியல் அப்படித்தான் முன்னேறும். ஆனால் இரும்பை முதலில் உருக்கியது ‘இனம்’ என்று சொல்லும்போது, உலையின் முன் துருத்தி மிதித்த மனிதரை நாமும் ஒருமுறை மறைத்துவிடுகிறோம். அந்தக் கொல்லரின் வழித்தோன்றல்களைப் பிற்காலச் சாதியமைப்பு எங்கே நிறுத்தியது என்ற கேள்வியை, முதல்வர் யார் என்ற பெருமை விழுங்கிவிடக் கூடாது.

அதே ஜனவரி 23 அன்று இன்னொன்றும் நடந்தது. மதுரை மேலூர்ப் பகுதியில் அரிட்டாபட்டியை உள்ளடக்கி வழங்கப்பட்டிருந்த டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை ஒன்றிய அரசு ரத்து செய்தது. அரிட்டாபட்டியில் தமிழி எழுத்துக் கல்வெட்டும், சமணர் படுக்கையும், பாண்டியர் காலக் குடைவரையும் உள்ளன. 2022இல் அது பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏலம் விடப்பட்ட பரப்பு 2,000 ஹெக்டேருக்கும் மேல். அந்தப் பாறைகளைக் காப்பாற்றியவர்கள் உழவர்களும் பெண்களுமே. ஜனவரி 7 அன்று மேலூரிலிருந்து மதுரையை நோக்கி அவர்கள் பெருந்திரளாக நடந்தார்கள். நிலமும் நீரும் தொல்லிடமும் அவர்களுடைய முழக்கத்தில் ஒன்றாகவே இருந்தன. தொல்லியல் என்பது ஓய்வு நாள் பொழுதுபோக்கு என்று நினைக்கும் தோழர்கள் அரிட்டாபட்டிக்கு ஒருமுறை சென்று வரட்டும்.

இனி நடைமுறைக்கு வருவோம். கற்குவையைக் காணச் செல்பவர் கல்லைப் புரட்டக் கூடாது, தோண்டக் கூடாது, பானையோட்டை வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது. எடுத்துவிட்ட ஓடு வெறும் ஓடு. கிடந்த இடத்தில் கிடக்கும்போதுதான் அது சான்று. உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக ஓர் ஓடு கண்ணில் பட்டால், அது சூளையில் கவிழ்த்துச் சுடப்பட்ட கலத்தின் துண்டு என்று அறியலாம். காற்றுப் புகாத உட்புறம் கறுத்தது, காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவந்தது. அதன்மேல் கீறல் குறியீடு இருந்தால் அளவுகோல் ஒன்றை அருகில் வைத்துப் படம் எடுங்கள். அளவுகோல் இல்லையென்றால் ஒரு பேனா போதும். இரும்புச் சிட்டம் கிடக்கிறதா, அருகில் குளமோ ஓடையோ உள்ளதா, நிலம் புறம்போக்கா பட்டாவா, அருகில் கல்குவாரி உரிமம் கேட்கப்பட்டுள்ளதா என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்விதான் மிக அவசரமானது. பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்ட இடத்துக்கு 1958ஆம் ஆண்டின் சட்டமும், சுற்றிலும் 100 மீட்டரைத் தடைப் பகுதியாக்கிய 2010 திருத்தமும் அரணாக உள்ளன. பட்டியலில் சேராத கற்குவைக்கு அந்த அரண் இல்லை; பொக்லைன் இயந்திரத்துக்கு அது அரை நாள் வேலை. ஊராட்சியில் தீர்மானம் நிறைவேற்றுவதும், வருவாய்த் துறைக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் எழுதுவதும் கிளைகள் செய்யக்கூடிய வேலைகளே.

ஊர்ப் பெரியவர்களிடம் கேட்காமல் திரும்பாதீர்கள். எந்தக் கல்லுக்கு யார் பொங்கலிடுகிறார்கள், எந்தச் சாதியார் அங்கே போவதில்லை, அந்த மேட்டை ஏன் எவரும் உழுவதில்லை என்று கேளுங்கள். பெருங்கற்காலத்தார் தங்கள் இறந்தோரைப் பெரும்பாலும் விளையாத பாறை மேட்டிலும் மலையடிவாரத்திலும் வைத்தார்கள்; விளையும் நிலத்தை உயிரோடிருப்போருக்கு விட்டார்கள். மறையூரின் முனியறைகள் அவ்வாறான பாறையின் மேல்தான் நிற்கின்றன.

அதே மாவட்டத்தின் இன்னொரு மலையை இங்கே நினைவுகூர வேண்டியிருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த ராஜமலையின் பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர்; நால்வரின் உடல் கடைசி வரை கிடைக்கவில்லை. மாண்டவருள் பலரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. ஆதிச்சநல்லூரும் சிவகளையும் உள்ள அதே மாவட்டம். உடல்கள் ராஜமலையிலேயே குழிகளில் வரிசையாகப் புதைக்கப்பட்டன. தொழிலாளிக்கு வீடு தருவது தோட்ட உரிமையாளரின் கடமை என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்த வீட்டை எந்தச் சரிவில், எந்த ஓடையின் ஓரத்தில் கட்டுவது என்பதை முதலாளியின் சிக்கனம் தீர்மானித்தது. மூணாறில் 1894இல் காலராவால் இறந்த ஒரு வெள்ளைப் பெண்ணின் கல்லறையைச் சுற்றுலாப் பயணிகள் இன்றும் தேடிச் சென்று பார்க்கிறார்கள். அவளுக்குப் பெயரும் உண்டு, கதையும் உண்டு. அந்தத் தோட்டங்களைக் காடழித்து உண்டாக்கிய தலைமுறையின் புதைகுழிகள் மேல் தேயிலையும் யூக்கலிப்டசும் வளர்ந்து நிற்கின்றன.

ஆகவே மறையூருக்கும் ஆதிச்சநல்லூருக்கும் புறப்படும் முன்னர், தோழர்களே, போனக்காட்டிலேயே வேலை இருக்கிறது. துரையின் பங்களாவுக்குக் கணக்கற்ற படங்கள் உள்ளன. லயங்களுக்கு வரைபடம் கிடையாது. எந்த வரிசையில் எத்தனை வீடு, எந்த ஊரிலிருந்து எந்தக் கங்காணி யாரை அழைத்து வந்தார், பெயர்ப் பதிவுச் சீட்டும் சம்பளச் சீட்டும் எவர் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடக்கின்றன, இறந்தவர்களை எங்கே புதைத்தார்கள், அந்த இடத்துக்கு அடையாளமாக வைத்த கல் இன்னும் இருக்கிறதா? கொழுந்து கிள்ளி ஓய்ந்த தாய்மார்கள் இங்கே இன்னும் சிலர் இருக்கிறார்கள். எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். பணிக்கொடை வழக்குக்கும் இந்தப் பதிவுகள் பயன்படும். எனவே, நாள் தள்ளாமல் தொடங்க வேண்டும். இருவர் இருவராகப் பிரிந்து, இன்று மாலையே மேல் லயத்திலிருந்து தொடங்கலாம். ஒருவர் கேட்கட்டும், மற்றவர் எழுதட்டும். சொல்பவரின் சொல்லை நம் சொல்லாக மாற்றாமல், சொன்னபடியே எழுதுங்கள்.